கடலை கேட்கும் அப்பாவும் ஒரு கிலோ வால்நட்டும்

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், கடைவாய்ப் பல் பாதி இல்லை. ஊரிலிருந்து வந்த அண்ணன் ஒரு கிலோ வால்நட்டும் ஒரு கிலோ பாதாமும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். அப்பா அதைத் தொடவே மாட்டேன் என்கிறார், கடலை இருந்தால் கொடு என்கிறார். வயதானவர்களுக்கு எந்த நட்ஸ் நல்லது?"

கடலையைக் கொடுங்கள். அவசரத்தில் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், பெரிய தப்பு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எந்தக் கடலை, எப்படி, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று விஷயம் கொஞ்சம் இருக்கிறது.

முப்பது வருஷம் டயட்டீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கே இப்போது 67 ஆகிறது, கீழ் வரிசையில் ஒரு பக்கம் கழற்றி மாட்டும் பல் செட். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த வரை, வீட்டில் பெரியவர்களுக்கு நட்ஸ் வாங்குகிறவர்கள் எல்லோரும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விலை அதிகம் என்றால் சத்து அதிகம் என்று ஒரு நினைப்பு. நான் வாயிலிருந்து தொடங்குவேன். அப்புறம் கிட்னி ரிப்போர்ட், அப்புறம் மாத்திரைச் சீட்டு. சத்துக் கணக்கு அதற்குப் பிறகுதான், ஏனென்றால் அதில் இவற்றுக்குள் நாம் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராமில் புரதம் என்று பார்த்தால் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம், பாதாமில் 21, பிஸ்தாவில் 20, முந்திரியில் 18, வால்நட்டில் 15. ஆமாம், இருப்பதில் விலை குறைந்ததுதான் முதலில் நிற்கிறது. வயதானவர்களுக்குப் புரதம் ஏன் முக்கியம் என்றால், தசை வருஷா வருஷம் கரைந்துகொண்டே வரும், நம் வீட்டுப் பெரியவர்களோ காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்று மாவுச்சத்திலேயே நாளை ஓட்டிவிடுவார்கள். ஒரு கைப்பிடி கடலை, அதாவது 30 கிராம், 7 கிராமுக்கு மேல் புரதம் கொடுக்கும். ஒரு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட. முட்டை தொடாத வீடுகளில் இது சின்ன விஷயமில்லை.

"கடலை கொலஸ்ட்ரால் ஆச்சே" என்று இங்கே ஒரு குரல் வரும். கடலையில் கொலஸ்ட்ரால் என்பதே கிடையாது. எந்தக் கொட்டையிலும் கிடையாது, அது விலங்கிலிருந்து வருகிற உணவில்தான் இருக்கும். கடலையின் எடையில் பாதி கொழுப்பு என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி இதயத்துக்கு ஒத்துப்போகிற நிறைவுறாக் கொழுப்பு. பித்தம் என்பார்கள், கடலை தின்றால் ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள் என்று என் பாட்டியும் சொன்னதுதான். சர்க்கரை இருக்கிற அப்பாவுக்கு அந்த வெல்லத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் பாதாம், வால்நட் எல்லாம் ஏமாற்றா? இல்லை. பாதாமில் வைட்டமின் ஈ நிறைய உண்டு, கால்சியமும் 100 கிராமுக்கு 270 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆனால் யாரும் 100 கிராம் தின்னப்போவதில்லை. ஒரு கைப்பிடியில் 75, 80 மில்லிகிராம் வரும், ஒரு டம்ளர் பாலில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. எலும்புக்காகப் பாதாம் வாங்குகிறேன் என்றால் பாலோ தயிரோ வாங்கிவிட்டு மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். எள்ளும் இருக்கிறது, தோலோடு இருக்கும் எள்ளில் கால்சியம் பாதாமைவிட மூன்று மடங்குக்கும் மேல். இட்லிப் பொடியில் எள் தாராளமாக வறுத்துப் போடுகிற வீடுகள் தெரியாமலே நல்ல காரியம் செய்கின்றன.

வால்நட், நம் பழைய அக்ரூட், மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லது என்று ஒரு கதை ஓடுகிறது. அதில் ஒமேகா 3 வகைக் கொழுப்பு இருப்பது நிஜம், மற்ற கொட்டைகளில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் ஸ்பெயினில் பார்சிலோனாவிலும் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவிலும் 63 முதல் 79 வயது வரையிலான 700 பேர் அளவில் சேர்த்து, ஒரு பாதிக்கு இரண்டு வருஷம் தினமும் வால்நட் கொடுத்துப் பார்த்தார்கள். ஞாபகசக்தியில் மொத்தத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைந்தது. அதாவது இதயத்துக்குக் கொஞ்சம் உதவி, மூளைக்கு இதுவரை பெரிய சாட்சி இல்லை. மறதி வரக் கூடாதென்று கசப்பை முகம் சுளித்து விழுங்குகிற தாத்தாக்களை எனக்குத் தெரியும், அந்தத் தண்டனை தேவையில்லை.

இதயத்துக்கு நல்லது என்பதற்கு நல்ல சாட்சி ஸ்பெயினில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு. நடுவயது தாண்டிய, இதய ஆபத்து அதிகம் உள்ள 7,447 பேர். அதில் ஒரு பிரிவுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பாணிச் சாப்பாட்டோடு தினமும் 30 கிராம் நட்ஸ், அதில் பாதி வால்நட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் சாவு மூன்றும் சேர்த்துக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 2013இல் வந்த அந்தக் கட்டுரையில், ஆட்களைப் பிரித்த விதத்தில் சில இடங்களில் தவறு இருந்ததைக் கண்டுபிடித்து, திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான் வந்தது. இதில் கடலை எங்கே என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெரும்பாலும் வருமானம் குறைந்த மக்களையும் சீனாவில் ஷாங்காய் மக்களையும் சேர்த்து இரண்டு லட்சம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. அவர்கள் தின்ற கொட்டையில் பெரும்பகுதி நிலக்கடலைதான். கடலை தின்கிறவர்கள் மத்தியில் இதய நோய்ச் சாவு குறைவாக இருந்தது. இது கவனித்து எழுதிய ஆய்வு, கடலையால்தான் அப்படி என்று நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஏழைகளின் கொட்டை பணக்காரர்களின் கொட்டைக்கு இளைத்ததில்லை என்று நம்ப எனக்கு இது போதும்.

இப்போது வாய்க்கு வருவோம், உங்கள் அப்பா விஷயத்தில் முடிவெடுக்கப்போவது அதுதான். கடைவாய்ப் பல் இல்லாதவருக்கு வறுத்த பாதாமைக் கொடுத்தால் மூன்று நடக்கலாம். ஒன்று, இருக்கிற பல்லும் விரிசல் விடும். இரண்டு, பல் செட்டுக்கு அடியில் துணுக்கு போய் உட்கார்ந்து ஈறு புண்ணாகும் (சொந்த அனுபவம், ஒரு கல்யாண வீட்டில், எழுந்து போகவும் முடியாமல்). மூன்று, சரியாக மெல்லாமல் விழுங்கிவிடுவார். விழுங்கினால் என்ன, வயிற்றுக்குள் போனால் சத்துதானே என்று நினைக்க வேண்டாம். கொட்டையில் கொழுப்பு சின்னச் சின்ன அறைகளுக்குள் பூட்டி இருக்கிறது, அந்தச் சுவரை உடைப்பது பல்தான். அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் 2012இல் அளந்து பார்த்தபோது, நன்றாகப் பல் இருக்கிறவர்கள் முழுப் பாதாம் தின்றாலே 28 கிராமுக்கு 129 கலோரிதான் உடம்பில் சேர்ந்தது. புத்தகக் கணக்குப்படி கிட்டத்தட்ட 170 சேர்ந்திருக்க வேண்டும். பல் இல்லாதவர் பாதியாகக் கடித்து விழுங்கினால் எவ்வளவு வீணாகும் என்று நீங்களே யோசியுங்கள். அதனால் அப்பா மெலிந்துகொண்டே போகிறவர் என்றால் அரைத்துக் கொடுங்கள், முழுச் சத்தும் சேரும். தொப்பையோடு இருக்கிறவர் என்றால் அரைத்த பிறகு அளவில் கவனமாக இருங்கள், அதே காரணத்தால்.

அரைப்பது என்றவுடன் பாதாம் பாலுக்கு ஓட வேண்டாம். நம் சமையலில் இது ஏற்கெனவே இருக்கிறது. வேர்க்கடலைச் சட்னி. பூண்டும் வரமிளகாயும் வைத்து இடித்த கடலைப் பொடி, சூடான சாதத்தில் நல்லெண்ணெயோடு. கடலையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் குக்கரில் நாலைந்து விசில் விட்டால் ஈறாலேயே மசிக்கலாம். பச்சைக்கடலை சீசனில் தோலோடு அவித்த கடலைக்கு ஈடே இல்லை, விழுப்புரம் பக்கம் மல்லாட்டை என்பார்களே அதுதான். எழுபது வயசுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்பது கைக்கும் வேலை, வேகமும் குறையும். உப்பை மட்டும் அவிக்கும்போது அள்ளிப் போடாதீர்கள்.

வந்து குவிந்திருக்கும் பாதாமை ராத்திரி ஊறவைத்துவிடுங்கள். ஊறவைத்தால் ஏதோ புதுச் சத்து பிறக்கும் என்று சொல்வதில் விஷயம் இல்லை, மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். ஆனால் பல் இல்லாதவருக்கு அந்த அவ்வளவுதான் பெரிது. தோலை உரித்தே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை, அதில் நார் இருக்கிறது. தொண்டையில் ஒட்டினால் உரித்துக்கொள்ளுங்கள். வாயில் போட்டதும் கடுமையாகக் கசக்கும் பாதாம் எப்போதாவது ஒன்று வரும், அதைத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது.

முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. வயதானவர்கள் முந்திரியையே தொடக் கூடாது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பாவம் பண்ருட்டி. கொட்டைகளில் மிருதுவானது முந்திரிதான், பல் இல்லாத வாய்க்கு அதுவே சௌகரியம், கொழுப்பும் கடலையைவிடச் சற்றுக் குறைவு. கெட்டது எதுவென்றால் நெய்யில் வறுத்து உப்பும் மிளகும் தூவிக் கிண்ணத்தில் வைத்து டிவி முன்னால் உட்காருவது. பிஸ்தாவும் அப்படியே. கொட்டையாக நல்லது, ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் உப்பில் புரட்டியது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை வாங்குவதாக இருந்தால் உப்பில்லாததைத் தேடி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் இருப்பவர்கள், தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறவர்கள், இவர்களுக்கு முழுக் கொட்டை கூடவே கூடாது. பொடியும் உலர்ந்து இருந்தால் ஆபத்துதான், மூச்சுக்குழாயில் போய்விடும். தயிரிலோ கஞ்சியிலோ நன்றாகக் குழைத்து, நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முடிந்தால் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ஒருவர் பார்த்த பிறகு. இன்னொன்று, தாத்தா தன் கைப்பிடியிலிருந்து இரண்டு கடலையைப் பேரன் வாயில் போடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டை அடைக்கிற சாமான். அதைத் தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது கிட்னி. சர்க்கரையும் பிபியும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தால் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பார்க்காமல் எதையும் புதிதாகக் கைப்பிடிக் கணக்கில் தொடங்காதீர்கள். கொட்டைகளில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு. சாதாரணமாக இது நல்ல விஷயம், 30 கிராம் பிஸ்தாவில் இருக்கும் பொட்டாசியம் ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பதைவிடக் குறைவுதான். ஆனால் கிட்னி பாதிக்கு மேல் சோர்ந்துபோனவருக்கு, அதிலும் டெல்மிசார்டன் மாதிரி பொட்டாசியத்தை ஏற்றிவிடும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, வாழைப்பழம், இளநீர், கொட்டை என்று எல்லாம் ஒரே நாளில் சேரும்போது கூடிப்போகும். டாக்டரிடம் "கொட்டை சாப்பிடலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். "தினம் பத்துப் பதினைந்து கடலை சாப்பிடலாமா, பொட்டாசியம் இவ்வளவு இருக்கிறது" என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கிட்னியில் ஏற்கெனவே கல் வந்தவர்கள் பாதாம், முந்திரி இரண்டிலும் கையை அடக்க வேண்டும், கல் உண்டாக்கும் ஆக்சலேட் அவற்றில் அதிகம்.

மாத்திரைகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதோடு கையோடு ஊறவைத்த பாதாமும் வால்நட்டும். இப்படிச் செய்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது, டிஎஸ்எச் (தைராய்டு போதவில்லை என்றால் ஏறுகிற ரத்த அளவு) ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார், நீங்களும் மாத்திரை வேலை செய்யவில்லை என்று புலம்புவீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள், கொட்டையைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே ஒரு கைப்பிடி முந்திரியில் கொஞ்சம்தான். ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

சாயங்காலம் என்றேனே, சர்க்கரைக்காரர்களுக்குக் கொட்டையின் உண்மையான உபயோகம் அங்கேதான். நாலு மணி டீயோடு நாலு பிஸ்கட், கொஞ்சம் மிக்சர். அந்த இடத்தில் அவித்த கடலையோ ஊறிய பாதாமோ வந்தால் சர்க்கரை ஏறுவது குறையும், ராத்திரி வரை பசியும் தாங்கும். பிஸ்கட்டையும் தின்றுவிட்டு "சத்துக்கு" என்று கொட்டையையும் மேலே போட்டால் எடை ஏறுவதுதான் மிச்சம். கடலை மிட்டாயும் கடலைதானே என்று அப்பா கேட்பார். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது, எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் வெல்லப்பாகு கணிசம். பண்டிகைக்கு ஒன்று, அவ்வளவுதான்.

அளவு: ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் கொட்டையும் எண்ணெய் வித்துகளும் சேர்த்து நாளைக்கு 35 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். எழுபது தாண்டியவர் அவ்வளவு கலோரி சாப்பிட மாட்டார், 25 கிராம் அளவில் நிறுத்தலாம். பாதாம் என்றால் இருபது, வால்நட் என்றால் முழுதாக ஆறு, கடலை என்றால் அவர் கையால் ஒரு சின்னப் பிடி. உங்கள் கையால் இல்லை. இதுவரை சாப்பிட்டே பழக்கமில்லாதவருக்கு எடுத்தவுடன் முழு அளவும் கொடுத்தால் வயிறு உப்பும், ஏழெட்டுக் கடலையில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள்.

கடைசியாக, நான் உண்மையிலேயே பயப்படுகிற ஒரு விஷயம். ஈரம் பட்டு பூஞ்சை பிடித்த கடலை. அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோதுதான் உலகத்துக்கே இது தெரிந்தது. ஈரலைக் கெடுப்பது, நாள்பட்டால் ஈரல் புற்றுநோய் வரை போகும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கருத்தது, பச்சை பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும், கழுவி உபயோகிக்கக் கூடாது. கடலைப் பர்பியும் கடலைப் பொடியும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் உள்ளே போனது எப்படிப்பட்ட கடலை என்று தெரியாது, அதனால் தோலோடு வாங்கி வீட்டில் உடைப்பதே எனக்குப் பிடித்த வழி. பொறுக்குகிற வேலையை அப்பாவிடம் விடாதீர்கள். கண்புரை இருக்கும், நாக்கும் முன் மாதிரி கசப்பைக் காட்டிக்கொடுக்காது, வீணாக்கக் கூடாது என்ற வளர்ப்பு வேறு. கெட்டதையும் சேர்த்துத் தின்றுவிட்டு நன்றாக இருந்தது என்பார்.

அந்த ஒரு கிலோ வால்நட்டுக்கு வழி சொல்லிவிட்டு முடிக்கிறேன். வெளியே டப்பாவில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து முகர்ந்து பாருங்கள், நம் ஊர் வெயிலில் வால்நட் சீக்கிரம் காறல் அடித்துவிடும். அடித்திருந்தால் தயவு தாட்சணியம் பார்க்காமல் கொட்டுங்கள். நன்றாக இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வரமிளகாய், புளி, கொஞ்சம் உளுத்தம்பருப்பு வறுத்துச் சேர்த்துத் துவையலாக அரைத்தால் கசப்பு தெரியாது. அப்பாவிடம் கடலைத் துவையல் என்றே சொல்லுங்கள். அண்ணன் அடுத்த தடவை என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம், அப்பாவை ஒரு நல்ல பல் டாக்டரிடம் கூட்டிப்போய் அந்தக் கடைவாய்ப் பல் செலவை ஏற்றுக்கொள் என்று சொல்லுங்கள்.